வரால் குளத்தில் ஐப்பசிப் பொடிமீன்

எங்க ஊர்க் குளத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வர்றவங்க எல்லாரும் வராலுக்குத்தான் வருவாங்க. ரப்பர் தவளையைத் தாமரை இலைமேல எறிஞ்சு எறிஞ்சு, மதியத்துக்குள்ள தோள்வலியோட கிளம்பிடுவாங்க. ஐப்பசி, கார்த்திகையில நான் வரால் பக்கம் போறதில்ல. மழையில அது குஞ்சு காக்கிற நேரம். செக்கச்செவேல்னு குஞ்சுக் கூட்டம் மேல வந்து வந்து போகும், அடியில பெருசு நிக்கும். அதைத் தூக்கிட்டா குஞ்சு மொத்தமும் மத்த மீனுக்குத் தீனி. ஜிலேபி, பனையேறிக் கெண்டை, பள்ளத்தினு குழம்புக்கும் பொரிக்கவும் பொடிமீன் கிடக்கும்போது அது எதுக்கு?

குளம் மீன் குத்தகையில இருக்கானு முதல்ல கேட்டுக்கிடுங்க. சுசீந்திரம், தேரூர் குளங்கள் பறவைகளுக்கான இடம், 2022-ல ராம்சார்ங்கிற உலக முக்கியத்துவ ஈரநிலப் பட்டியல்லயும் சேர்ந்தாச்சு. அங்க தூண்டில எடுக்கவே வேண்டாம்.

மழை பெய்து சானல்ல, அதான் பாசன வாய்க்கால்ல, தண்ணி கூடினா, குளத்துக்குள்ள புதுத்தண்ணி விழுற இடத்துக்குப் போங்க. பொடிமீன் எதிரேறி அங்கதான் கூடும். ஓட்டத்து நடுவுல போடாதீங்க, தூண்டில் நிக்காது. கலங்கலும் தெளிவும் சேர்ற ஓரம்தான் இடம். தாமரைத் தண்டுல இருந்து ரெண்டு முழம் தள்ளிப் போடுங்க. அந்தத் தண்டுல சொரசொரனு முள் இருக்கு, தூண்டில் நரம்பு சுத்திச்சுனா அறுத்துத்தான் எடுக்கணும்.

ரீல் வேண்டாம், மூங்கில் கம்பு போதும். 0.20 எம்.எம். நரம்பு, 12-ஆம் நம்பர் தூண்டில் முள். நம்பர் கூடக்கூட முள் சின்னது. கடையில வரால் முள்ளை நீட்டுவாங்க, வாங்கிடாதீங்க. தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்புல கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு துண்டு. தக்கையோட தலை மட்டும் தெரியிற அளவுக்கு நரம்புல எடைக்குக் கட்டுற ஈயத்தைக் கூட்டிக் குறைங்க. அரைமணி நேரம் ஆனாலும் இதைச் சரியா பண்ணுங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

மண்புழு முள்ளை மூடுற அளவு போதும். வால் தொங்கினா பள்ளத்தி கடிச்சிட்டுப் போயிடும். ஜிலேபிக்கு மைதா உருண்டை. பிசையும்போது கொஞ்சம் பஞ்சு சேர்த்தா தண்ணியில கரையாது. மீன் கூட ஒரு பிடி பழைய சோறும் எறிஞ்சு வைங்க.

இனி தக்கையைப் பாருங்க. வெடவெடனு நடுங்கினா பள்ளத்தி கொத்துது, கையை அசைக்காதீங்க. படுத்துக்கிட்டு பக்கவாட்டுல நகர்ந்தா ஜிலேபி. ரெண்டு எண்ணிட்டு இழுங்க. சடார்னு நேரா அமுங்கினா பனையேறி; எண்ணிக்கிட்டு நின்னா முள் தொண்டைக்குள்ள போயிடும், அப்புறம் எடுக்குறதுக்குள்ள உசிரு போயிடும், உங்களுக்கு.

பனையேறியைத் தலைப்பக்கமா அமுக்கிப் பிடிக்காதீங்க, செவுள் மூடியில வரிசையா முள். நனைஞ்ச துணியால பிடிங்க. அது காத்தையும் சுவாசிக்கிற மீன், தண்ணி இல்லாமலும் ரொம்ப நேரம் கிடக்கும். இது தெரிஞ்சும் நான் மூடியில்லாத வாளியை ஆட்டோ பின்சீட்டுக்குக் கீழ வச்சிட்டு சவாரிக்குப் போனேன். வடசேரியில ஏறின அக்கா பார்வதிபுரம் தாண்டல, ‘அண்ணாச்சி, காலுக்கடியில என்னவோ துடிக்குது’னு அலறிட்டாங்க. வாடகையும் போச்சு. இப்போ வாளிக்கு மேல சாக்குக் கட்டுறேன்.

பனையேறியைக் கல்லுல உப்புப் போட்டு உரசுங்க, செதிலும் வழுவழுப்பும் போகும். தேங்காய் அரைச்ச குழம்புக்கு அதுதான். பள்ளத்தியைக் குழம்புல போட்டு வீணாக்காதீங்க. மிளகும் உப்பும் தடவி, முழுசா தேங்காயெண்ணெயில முறுகப் பொரிச்சு, அவிச்ச மரச்சீனிக்கிழங்கோட வைங்க. எங்க வீட்டுல அது சட்டியில இருந்து தட்டுக்கு வர்றதே இல்ல.