டிஎல்டிஆர் பார்த்து கமாண்ட் அடிக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

கமாண்ட் அடித்து வேலை வாங்கும் டெர்மினலுக்குப் புதிதாக வருகிறவர்களை மேன் பக்கம், அதாவது ஒரு கமாண்டின் முழுக் கையேடு, மலைக்க வைக்கிறது. ஃபோல்டர்களை நகலெடுத்து ஒத்திசைக்கும் ஆர்சிங்க்கின் பக்கம் மட்டுமே ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும். கமாண்டுகளைச் சின்னச் சின்ன உதாரணங்களால் விளக்கும் டிஎல்டிஆர், 2013இல் தொடங்கியது, அந்த மலைப்பைப் போக்குகிறது. ‘டிஎல்டிஆர் டார்’ என்று அடித்தால், ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டும் டார் கமாண்டின் அன்றாடப் பயன்பாடு அதிகபட்சம் 8 உதாரணங்களில் முடிந்துவிடும். அருமையான கருவிதான், ஆனாலும் புதியவர்கள் அதே பள்ளங்களில் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். எழுத்துப்பிழைகளை விட்டுவிடலாம், அவற்றுக்குக் கம்ப்யூட்டரே எரர் காட்டும்.

உதாரணத்தை எடுத்து அப்படியே ஓட்டுவது

ஒரு ஆப்ஷன் உங்கள் டிஸ்க்கில் என்னென்ன செய்யும் என்று விளக்க 8 உதாரணங்களில் இடமில்லை. இதற்கு அதிக விலை கொடுக்க வைப்பது ஆர்சிங்க்.

/பேக்கப் டிஸ்க்கில் படங்கள், கணக்கு, கடிதங்கள் என்று 3 ஃபோல்டர்கள். படங்களை மட்டும் புதுப்பிக்க வேண்டும்.

ஆர்சிங்க் -ஏ --டெலிட் படங்கள் /பேக்கப்/

இது சரி. /பேக்கப்/படங்கள் மட்டுமே மாறும். இப்போது ஒரே ஒரு ஸ்லாஷ் கூடுகிறது:

ஆர்சிங்க் -ஏ --டெலிட் படங்கள்/ /பேக்கப்/

முதல் வரி ஃபோல்டரையே அனுப்பியது. இது ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அனுப்புகிறது. படங்கள் நேராக /பேக்கப்பின் முதல் அடுக்கில் போய் இறங்கும். மூலத்தில் இல்லாததையெல்லாம் சேருமிடத்தில் அழிப்பது டெலிட்டின் வேலை. கணக்கும் கடிதங்களும் மூலத்தில் இல்லையே, இரண்டும் போய்விடும். ட்ராஷுக்கும் போகாது. அந்த ஸ்லாஷை யாரும் வேண்டுமென்று போடுவதில்லை. ஃபோல்டர் பெயரை டேப் தட்டி முடித்தால், நீங்கள் அடிக்கும் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் பாஷ் தானாகவே அதை ஒட்டிவிடும்.

முதலில் -ஏ இருக்கும் இடத்தில் -ஏஎன்வி என்று போட்டு ஓட்டுங்கள். அதில் ‘என்’ என்ற எழுத்து இருந்தால் எதுவும் நடக்காது, நடக்கப்போவது மட்டும் பட்டியலாக வரும். ‘டெலீட்டிங்’ என்று தொடங்கும் வரிகளை ஒன்றுவிடாமல் படித்த பிறகு ‘என்’னை எடுங்கள். இரண்டே எழுத்தில் தப்பியிருக்க வேண்டிய பேக்கப் காலியாகிக் கிடப்பதைப் பார்த்தால் இன்றும் வயிறு எரிகிறது. விளக்கம் வேண்டுமென்றால் ‘மேன் ஆர்சிங்க்’ திறந்து /--டெலிட் என்று தேடுங்கள். ‘என்’ தட்டினால் அடுத்த இடத்துக்குப் போகும்.

லேப்டாப்பில் பார்த்து சர்வரில் அடிப்பது

டிஎல்டிஆர் வழக்கமாக அது ஓடும் சிஸ்டத்துக்கான பக்கத்தைத்தான் காட்டும். ஃபைலில் உள்ள எழுத்துகளை மாற்றும் செட் கமாண்டைப் பாருங்கள். மேக்கில் அதன் -ஐ ஆப்ஷனுக்குப் பின்னால் காலி மேற்கோள் குறி ஒன்று வர வேண்டும். அதே வரியை லினக்ஸ் சர்வரில் அடித்தால், அந்தக் காலி மேற்கோளையே செட் தன் ஸ்கிரிப்ட்டாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய மாற்று விதியை ஃபைல் பெயர் என்று நினைத்து, அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று சொல்லும். ஃபைலில் எதுவும் மாறியிருக்காது. ‘டிஎல்டிஆர் -பி லினக்ஸ் செட்’ என்று கேட்டுப் பாருங்கள்.

கிரான்டேப்பின் 5 நேரக் கட்டங்களைத் தேடித் தவிப்பது

குறித்த நேரத்தில் கமாண்டுகளை ஓட்டும் அட்டவணைதான் கிரான்டேப். அந்தக் கட்டங்களின் விளக்கம் ‘மேன் கிரான்டேப்’பில் கிடைக்காது. ‘மேன் 5 கிரான்டேப்’ என்று அடியுங்கள்.

சிடிக்கு மேன் பக்கம் தேடுவது

ஃபோல்டர் மாற உதவும் சிடி பாஷுக்குள்ளேயே இருக்கும் கமாண்ட். ‘ஹெல்ப் சிடி’ என்று அடியுங்கள்.

பழைய பக்கங்களை வைத்தே ஓட்டுவது

மாதம் ஒருமுறை ‘டிஎல்டிஆர் --அப்டேட்’.