கல்யாணப் பத்திரிகையும் ஜாக்கெட் பிட்டும்: கையாலேயே தைக்கும் அறுகோண ஒட்டுத்துணி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் இரண்டு பொருள் தூக்கிப்போட மனசில்லாமல் கிடக்கும். ஒன்று, பழைய கல்யாணப் பத்திரிகைகள். இன்னொன்று, ஜாக்கெட் தைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது டெய்லர் அக்கா சுருட்டிக் கொடுத்த துண்டுத்துணி. இந்த இரண்டையும் வைத்து, தையல் மெஷின் இல்லாமல், ஓர் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. காகிதத்தை அறுகோணமாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்துத் தைத்து, அந்தத் துண்டுகளைப் பூப்பூவாகச் சேர்த்துக்கொண்டே போவது. சேர்த்து முடித்ததும் காகிதத்தை உருவி எடுத்துவிடலாம்.

இங்கிலாந்தில் 300 வருடங்களுக்கு மேலாகப் புழங்கிவரும் முறை இது. 1718 என்று ஆண்டு தைத்த பட்டு ஒட்டுப்போர்வை ஒன்று அங்கே இன்னும் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காலத்துப் பெண்கள் காகிதத்துக்குப் பழைய கடிதங்களையும் கணக்குத் தாள்களையும்தான் வெட்டினார்கள். உருவாமல் விட்டுப்போன காகிதத்தில் இருக்கும் எழுத்தைப் படித்து, போர்வை எந்தக் காலத்தது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடிப்பதுண்டு.

ஒட்டுத்துணி நமக்கும் புதிதில்லை. வங்காளத்தில் காந்தா, வட கர்நாடகத்தில் கவுதி என்று பழைய சேலைகளை அடுக்கித் தைப்பார்கள். நம் தருமபுரி மாவட்டத்திலேயே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கின் லம்பாடிப் பெண்கள் கண்ணாடியும் வண்ண நூலுமாகத் தைக்கும் வேலைப்பாட்டுக்கு வெளியூரிலும் மதிப்பு இருக்கிறது. அதற்கெல்லாம் கைப்பழக்கம் வேண்டும். காகிதம் வைத்துத் தைப்பதற்கு அவ்வளவு தேவைப்படாது. துணியின் வடிவத்தைக் காகிதம் பிடித்துக்கொள்வதால், பட்டன் தைக்கத் தெரிந்தவர்கள் யாரும் இதைத் தைத்துவிடலாம்.

எதிலிருந்து தொடங்குவது?

போர்வையிலிருந்து தொடங்காதீர்கள். பக்கத்துக்கு 2.5 செ.மீ. உள்ள அறுகோணத்தில் 5 அடிக்கு 7 அடி போர்வை தைக்க ஏறக்குறைய 2,000 துண்டு வேண்டும். பாதியில் நிறுத்தி, மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவீர்கள். ஏழே துண்டில் ஒரு பூ முடிந்துவிடும். அப்படி இரண்டு பூ தைத்து, நடுவில் டவல் வைத்து மூடினால், காபி டபரா வைக்க 13 செ.மீ. அகலத்தில் ஒரு விரிப்பு கிடைக்கும். இந்தப் பதிவில் அதைத்தான் செய்யப்போகிறோம்.

என்னென்ன வேண்டும்

துணி: சுத்தமான பருத்தி மட்டும். சூடான பாத்திரம் வைக்கப் போகிறோம், அதனால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. பாலியெஸ்டர் கலந்த துணி சூட்டில் சுருங்கும், உருகவும் செய்யும். சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, கெட்டியான கறுப்பு மணியாக முனையில் நிற்கும். லைனிங் துணி, பழைய லுங்கி, கைத்தறி வேட்டி, குழந்தையின் பழைய காட்டன் கவுன் எல்லாம் நன்றாக வரும். பனியன் துணி வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். ஓசூர் கார்மென்ட் கம்பெனிக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தால் வெட்டுத்துணி கிடைக்க வழி உண்டு, ஆனால் அதிலும் பனியன் வகையைத் தள்ளிவிடுங்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால் பர்கூர் போய் வரலாம். குட்டி சூரத் என்று பேர் வாங்கிய ஊர், கட்பீஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முதல் பூவுக்குக் காசு செலவழிக்கத் தேவையே இல்லை என்பது என் கட்சி.

காகிதம்: கல்யாணப் பத்திரிகையின் உள்தாள், மாதக் காலண்டர் தாள், நோட்டு அட்டை. விரலால் மடித்தால் மடங்க வேண்டும், விட்டால் நிமிர வேண்டும். அந்தக் கனம் போதும். பளபளவென்று பிளாஸ்டிக் ஒட்டிய பத்திரிகையும் வெல்வெட் அட்டையும் உதவாது. செய்தித்தாளும் வேண்டாம், இஸ்திரி போடும்போது மை துணியில் ஏறிவிடும்.

நடுவில் வைக்க: பழைய பருத்தி டவல்.

மற்றவை: 9 அல்லது 10 நம்பர் கை ஊசி (நம்பர் ஏற ஏற ஊசி மெல்லிசு), சாம்பல் நிற நூல், கத்தரிக்கோல் இரண்டு, ஸ்கேல், பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸ், துணி கிளிப் நாலைந்து. சாம்பல் நூல் எந்த நிறத் துணியோடும் ஒன்றிப் போய்விடும் என்பதால் துணிக்குத் துணி நூல் மாற்றும் வேலை மிச்சம். கத்தரிக்கோல் ஏன் இரண்டு என்றால், காகிதம் வெட்டிய கத்தரியில் துணி வெட்டினால் துணி கடிபடும். வீட்டில் டெய்லர் இருந்தால் அவருடைய கத்தரியைக் காகிதத்துக்கு எடுத்து ஒருமுறை பாருங்கள், விளக்கம் அவரே தருவார்.

முதல் வேலை: அறுகோணம் வரைதல்

மொத்த வேலையிலும் நிதானம் வேண்டிய இடம் இதுதான். தையல் கொஞ்சம் கோணலானால் பின்பக்கம் மறைந்துவிடும். காகிதம் கோணலாக இருந்தால் எங்கேயும் மறையாது.

தினசரி காலண்டரின் பின்னட்டையில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சாமி படத்தை வெட்ட மனசு வராது. கீழே கடை விளம்பரம் அச்சடித்த பகுதி போதும். காம்பஸை 2.5 செ.மீ. விரித்து ஒரு வட்டம் போடுங்கள். விரித்த காம்பஸை அப்படியே வைத்துக்கொண்டு, வட்டத்தின்மேல் எங்காவது முள்ளை ஊன்றி, பென்சிலால் வட்டத்தை வெட்டும்படி ஒரு கோடு கீறுங்கள். கீறிய இடத்தில் முள்ளை வைத்து அடுத்த கோடு. இப்படியே போனால் ஆறாவது கோடு முதலில் ஊன்றிய புள்ளியிலேயே சரியாக வந்து விழும். வட்டத்தின் ஆரமும் உள்ளே அமையும் அறுகோணத்தின் பக்கமும் ஒரே அளவு என்பதால் அப்படி. விழவில்லையென்றால் காம்பஸின் திருகு தளர்ந்திருக்கிறது. இறுக்கிவிட்டு மறுபடி போடுங்கள். ஆறு புள்ளியையும் ஸ்கேல் வைத்து இணைத்து, கூர்மையாக வெட்டி எடுங்கள். இதுதான் மூல அச்சு.

இந்த அட்டையைக் காகிதத்தின்மேல் வைத்து, நன்றாகச் சீவிய பென்சிலால் ஒட்டி வரைந்து, கோட்டின் உள்விளிம்பில் வெட்டுங்கள். இரண்டு பூவுக்கு 14 வேண்டும். ஒவ்வொன்றையும் எப்போதும் மூல அச்சை வைத்தே வரையுங்கள். வெட்டிய காகிதத்தை வைத்து அடுத்ததை வரைந்தால் ஒவ்வொரு தடவையும் அளவு ஒரு பொட்டு கூடும். வெட்டி முடித்ததும் எல்லாவற்றையும் அடுக்கி மேசையில் தட்டிப் பாருங்கள். துருத்திக்கொண்டு நிற்பதைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் தூக்கிப் போடுங்கள். பத்திரிகைக்கா பஞ்சம்?

துணி வெட்டுதல்

முதலில் துவைத்துக் காயவையுங்கள். புதுத்துணி முதல் துவையலில் சுருங்கும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடுகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். பிறகு இஸ்திரி. 6.5 அல்லது 7 செ.மீ. சதுரமாக வெட்டி, நடுவில் காகிதத்தை வைத்து, சுற்றிலும் அரை செ.மீ.க்குச் சற்றே கூடுதலாக விட்டு மிச்சத்தைக் கத்தரித்தால் போதும். துணி அளவில் ஒரு நூல் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

காகிதத்தின்மேல் துணியை மடித்தல்

துணியின் நல்ல பக்கம் கீழே. நடுவில் காகிதம். ஒரு குண்டூசி குத்திக்கொள்ளுங்கள், அல்லது கிளிப். ஒரு பக்கத்து ஓரத்தைக் காகித விளிம்போடு ஒட்டி உங்கள் பக்கம் மடியுங்கள். அடுத்த பக்கத்தை மடிக்கும்போது மூலையில் இரண்டு மடிப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அந்த இடத்தில் துணியை மட்டும் சேர்த்து இரண்டு தையல். ஊசி காகிதத்தைத் தொடக்கூடாது. நூலை அறுக்காமல் அடுத்த மூலைக்குப் போய் அதேபோல் இரண்டு தையல். ஆறு மூலையும் முடிந்ததும் முடிச்சு.

சிலர் காகிதத்தையும் சேர்த்துப் பெரிய பெரிய ஓட்டமாகத் தைப்பார்கள். தப்பில்லை, ஆனால் கடைசியில் அந்த நூலை எல்லாம் பிரித்தால்தான் காகிதம் வரும். மூலையில் மட்டும் தைத்தால் பிரிக்கவே வேண்டாம், காகிதம் தானாக நழுவும்.

மடித்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். ஆறு மூலையும் கூர்மையாகத் தெரிய வேண்டும். மூலை மழுங்கியிருந்தால் துணி தளர்வாக மடிந்திருக்கிறது. அதை மட்டும் பிரித்து இறுக்கி மடியுங்கள்.

பூவாகச் சேர்த்தல்

தரையில் பரப்பி, நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று வைத்து நிறம் பார்த்துக்கொள்ளுங்கள். நடுத்துண்டு மட்டும் தனி நிறமாக இருந்தால் பூ எடுப்பாகத் தெரியும். ஜாக்கெட் பிட்டில் பார்டர் வந்தால் இதழ்களுக்கு வைத்துப் பாருங்கள்.

நடுத்துண்டையும் ஓர் இதழையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்துப் பிடியுங்கள். மூலைக்கு மூலை சரியாக உட்கார வேண்டும். முழங்கை நீளத்துக்கு மேல் நூல் கோக்க வேண்டாம், சிக்கு விழும். மூலையில் ஒரே இடத்தில் இரண்டு தடவை குத்தித் தொடங்கி, இரண்டு மடிப்பின் விளிம்பிலும் ஓரிரண்டு இழையை மட்டும் எடுத்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டு போங்கள். தையலுக்குத் தையல் 2 மி.மீ. இடைவெளி. ஒரு பக்கத்துக்கு 12 தையல் வாக்கில் வரும். ஊசி காகிதத்தில் இறங்கினால் ‘கர்’ என்று ஒரு சிறு சத்தமும் கையில் ஒரு தடங்கலும் தெரியும். வெளியே எடுத்து மறுபடி குத்துங்கள். நூலைச் சுண்டி இழுக்காதீர்கள். இறுக்கினால் பக்கம் சுருங்கி, பூ கிண்ணம் போலக் குழிந்துவிடும்.

இரண்டாவது இதழை நடுத்துண்டின் அடுத்த பக்கத்தில் வைத்து அதோடு சேருங்கள். இப்போது இரண்டு இதழுக்கும் நடுவில் தைக்காத ஓர் இடைவெளி இருக்கும். நடுத்துண்டைக் காகிதத்தோடு சேர்த்துப் பாதியாக மடித்தால் இரண்டு இதழின் பக்கமும் நேருக்கு நேர் வரும். மடிக்கப் பயப்பட வேண்டாம், காகிதம்தானே. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அதைத் தையுங்கள். ஆறு இதழும் இப்படியே. நடுவோடு சேரும் ஆறு, இதழோடு இதழ் சேரும் ஆறு, ஆக 12 தையல் ஓட்டத்தில் ஒரு பூ. தைத்த பக்கத்தை விரித்து நகத்தால் நீவிவிட்டால் படிந்து உட்காரும்.

இரண்டாவது பூவையும் தைத்துக்கொள்ளுங்கள். முதல் பூவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். சுமாராக வந்ததை அடிப்பக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

காகிதம் உருவுதல்

காகிதம் உள்ளே இருக்கும்போதே இரண்டு பக்கமும் நன்றாகச் சூடாக இஸ்திரி போட்டு, ஆறவிடுங்கள். ஓரத்து மடிப்பு அப்போதுதான் நிற்கும். பிறகு பின்பக்கம் மடிப்பை லேசாகத் தூக்கி, காகிதத்தை வளைத்து வெளியே இழுங்கள். பெரிய விரிப்பு தைக்கும்போது, ஆறு பக்கமும் தைத்து முடிந்த துண்டிலிருந்து மட்டும் காகிதத்தை எடுக்க வேண்டும். ஓரத்துத் துண்டுகளின் காகிதம் கடைசிவரை இருக்கட்டும். உருவிய காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள், மூலை மழுங்கும்வரை திரும்பத் திரும்பப் பயன்படும்.

மூன்று அடுக்கைச் சேர்த்தல்

பூவை டவல்மேல் வைத்து வரைந்து, கோட்டுக்குள்ளே கால் செ.மீ. தள்ளி வெட்டுங்கள். இரண்டு மடிப்பாக வைத்தால் சூடு தாங்கும். கீழே ஒரு பூ, நடுவில் டவல், மேலே ஒரு பூ, நல்ல பக்கம் இரண்டும் வெளியே. விளிம்போடு விளிம்பு பொருத்திக் கிளிப் போட்டு, அதே சுற்றுத்தையலால் ஓரம் முழுக்கத் தைத்துவிடுங்கள். இதழும் இதழும் சந்திக்கும் உள்மூலையில் மட்டும் ஒரே இடத்தில் இரண்டு தையல் அதிகம் போடுங்கள். முதலில் பிரிகிற இடம் அதுதான்.

கடைசியாக, மூன்று அடுக்கையும் ஊடுருவி ஓட்டுத்தையல். நூல் முனையில் சின்ன முடிச்சுப் போட்டு, மேல்துணி வழியாக ஊசியை இறக்கி, கொஞ்சம் தள்ளி வெளியே எடுத்து, வெடுக்கென்று ஒரு இழு. முடிச்சு துணிக்குள் புகுந்து மறைந்துவிடும். ஒவ்வோர் அறுகோணத்திலும் விளிம்பிலிருந்து அரை செ.மீ. உள்ளே தள்ளி, சுற்றி ஓட்டித் தையுங்கள். ஒரு அங்குலத்துக்கு 5, 6 தையல் வந்தால் போதும். தையல் சின்னதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதே பார்வைக்கு நன்றாக இருக்கும். இந்த ஓட்டுத்தையல் இல்லையென்றால் துவைக்கும்போது உள்ளே டவல் சுருண்டு ஒரு மூலைக்குப் போய்விடும்.

அடுத்து?

இந்தப் பூவைச் சுற்றி இன்னும் 12 துண்டு சேர்த்தால் மொத்தம் 19, அகலம் ஏறக்குறைய 21 செ.மீ. களி கிண்டிய சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைக்கலாம். டவலை மூன்று மடிப்பாக வையுங்கள், களிச்சட்டிச் சூடு லேசில் ஆறாது. அதற்கும் வெளியே ஒரு சுற்று 18 சேர்த்தால் 37. போர்வைதான் வேண்டும், மார்கழிக் குளிர் தாங்கவில்லை என்பவர்கள் பக்கத்துக்கு 5 செ.மீ. அளவில் அறுகோணம் வெட்டுங்கள், 2,000 என்பது 500 ஆகக் குறையும். அந்த அளவுக்கு மூலைத்தையல் மட்டும் போதாது, துணி நடுவில் தொங்கும். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் காகிதத்தோடு சேர்த்து ஒரு பெரிய தையல் போட்டுக்கொள்ளுங்கள், அதை மட்டும் கடைசியில் பிரித்தால் போதும்.