சிக்லிட் தொட்டியில் கல்லும் செடியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் என்ற மீன்களை வளர்க்கத் தொடங்கிய மூவர், கடந்த சில மாதங்களில் தங்கள் தொட்டியின் படத்தைக் காட்டி, மீன்கள் ஏன் இப்படி ஒன்றையொன்று குதறுகின்றன என்று என்னிடம் கேட்டார்கள். மூன்று படங்களிலும் ஒரே காட்சிதான்: நடுவில் அழகாகக் குவிந்த ஒரு குன்று, இருபுறமும் வெறும் மணல், தண்ணீரின் மேல்மட்டத்தை ஒட்டி மூலையில் ஒண்டிக் கிடக்கும் நான்கைந்து மீன்கள். என் முதல் தொட்டியையே மூன்று முறை பார்த்தது போலிருந்தது. தொட்டி சிறிதாக இருக்கக் கூடாது, தண்ணீரை ஒழுங்காக மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் சொல்லப் பலர் இருக்கிறார்கள். கல்லையும் செடியையும் வைப்பதில் நேரும் தவறுகளோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

நடுவில் ஒரே குன்று

பாறைகளுக்கிடையே வாழும் இந்த மீன்களை அந்த ஏரிக்கரையில் எம்புனா என்று அழைக்கிறார்கள். ஆண் மீன் ஒரு பாறை இடுக்கை வீடாகக் கொண்டு, அதைச் சுற்றியுள்ள இடத்தைக் காவல் காக்கிறது. ஏரியில் தோற்ற மீன் சற்றுத் தொலைவு விலகிப் போனால் சண்டை தீர்ந்துவிடும். நான்கடி நீளக் கண்ணாடிப் பெட்டியிலோ அந்த ஓட்டம் கண்ணாடியில் முட்டி நிற்கிறது. துரத்தும் மீனின் கண்ணுக்கு எதிரி இன்னும் தெரிந்துகொண்டே இருப்பதால் துரத்தல் முடிவதே இல்லை. தொலைவைத் தர முடியாத தொட்டியில் நாம் தரக்கூடியது மறைவு ஒன்றுதான்.

இது எனக்குப் புரியாத காலத்தில், 120 செ.மீ. நீளமும் ஏறத்தாழ 240 லிட்டர் கொள்ளளவும் கொண்ட தொட்டியில், நாற்காலியில் அமர்ந்து பார்ப்பவரின் கண்ணுக்கு எது அழகோ அப்படியே கல் அடுக்கினேன். ஆரேட்டஸ் என்ற எம்புனா வகையின் ஆண் ஒன்று குன்றின் உச்சிக்குச் சற்றுக் கீழே இருந்த துளையைப் பிடித்தது. அதுவரை பெண் மீனைப் போல மஞ்சளாக இருந்த அதன் உடல், சில வாரங்களில் வெளிறிய கோடுகள் மட்டும் மிஞ்சக் கறுத்துப் போனது. ஆதிக்கம் கைக்கு வந்ததன் அறிகுறி அது. நானோ நிறம் ஏறிவிட்டது என்று மகிழ்ந்து, வந்தவர்களையெல்லாம் அழைத்துக் காட்டினேன். அதே நாட்களில் ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த இரண்டு விரல் இடைவெளியில், கந்தலான வாலோடு மற்ற மீன்கள் செங்குத்தாக நின்றதைப் பார்த்தும் பாராமல் இருந்தேன் என்பதுதான் இன்றுவரை எரிச்சலூட்டுகிறது. ஆறு மீன்கள் செத்தன. குற்றம் அந்த ஆணின் குணத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டி, அதைப் பிடித்து வேறு தொட்டியில் விட்டேன். ஒரே வாரத்தில் இன்னொரு ஆண் அதே துளையில் வந்து நின்று, அதே வேலையைத் தொடங்கியது. குற்றவாளி மீன் அல்ல, நான் கட்டிய குன்று என்பது அப்போதுதான் உறைத்தது. நடுக்குன்றின் உச்சியிலிருந்து பார்த்தால் தொட்டியின் நான்கு மூலைகளும் தெரியும். அங்கே குடியேறும் மீன் எதுவாயினும் தொட்டி முழுவதையும் தன் சொத்தாகவே எண்ணும்.

ஆகவே, தண்ணீர் நிரப்புவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்யச் சொல்கிறேன். அறையை இருட்டாக்கிவிட்டு, சிறிய டார்ச் ஒன்றை ஒரு குகையின் வாயிலில் வெளிநோக்கி வைத்து மெல்லத் திருப்புங்கள். வெளிச்சம் விழும் இடமெல்லாம் அந்தக் குகையில் குடியிருக்கப் போகும் மீனின் பார்வைக்கு உட்பட்டது. பிறகு டார்ச்சை ஒரு சாண் வெளியே நகர்த்தி மறுபடி பாருங்கள். மீன் எப்போதும் வாயிலிலேயே நிற்காது. இன்னொரு குகையின் வாயில் பளிச்சென்று தெரிந்தால், இரண்டு குகைகளில் ஒன்றின் கல்லைத் திருப்பி வைக்க வேண்டும். ஒரே குன்றுக்குப் பதிலாக, அளவில் ஒத்துப்போகாத இரண்டு அல்லது மூன்று குவியல்களை, நடுவே ஒரு கையகல இடைவெளி விட்டு, தண்ணீரின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது எட்டும்படி எழுப்பினால் பார்வை பல இடங்களில் அறுபடும். தட்டையான கற்களைப் படுக்கப் போட்டு அடுக்குவதைவிட, ஒன்றிரண்டைச் சாய்த்து நிறுத்துவது திரைபோலப் பயன்படும். முன்னாலிருந்து பார்க்க இது அவ்வளவு எடுப்பாக இருக்காதுதான்.

மணலின் மேல் கல்

சிக்லிட் மண் தோண்டும். மணலைப் பரப்பிவிட்டு அதன்மேல் கல் வைத்தால், அடியிலிருக்கும் மணலை வாயால் அள்ளி அள்ளி வெளியே கொட்டி, குவியலையே சரித்துவிடும். சரியும் கல்லுக்கு அடியில் மீன் நசுங்கலாம், கண்ணாடியும் விரிசல் விடலாம். அடிக்கற்கள் தொட்டியின் தளத்திலேயே, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பின்மேல் அசையாமல் அமர்ந்த பிறகுதான் மணலைக் கொட்ட வேண்டும்.

ஒரு வாசல் குகை

பின்வாசல் இல்லாத குகை பொறி.

எல்லாத் துளைகளும் ஒரே அளவு

பெரிய ஆண் நுழையக்கூடிய துளைகளை மட்டுமே வைத்தால் அத்தனையும் அதற்கே சொந்தம். பெண் எம்புனா முட்டைகளையும் குஞ்சுகளையும் ஏறத்தாழ மூன்று வாரம் வாயிலேயே சுமக்கும். அந்த நாட்களில் அது ஒதுங்குவதற்கு, ஆணின் உடல் புகாத குறுகிய இடுக்குகள் தேவை.

பின்கண்ணாடியோடு ஒட்டிய சுவர்

கல்லுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். கழிவும் தேங்காது, ஓடும் மீனுக்கும் வழி கிடைக்கும்.

செடியை வேலியாக நம்புவது

ஏஞ்சல் மீன், அபிஸ்டோகிராமா போன்ற தென்னமெரிக்க சிக்லிட்களுக்கு அடர்ந்த செடி நல்ல திரை. அதே நம்பிக்கையில் எம்புனா தொட்டியில் மென்மையான தண்டுச் செடிகளை நடுவது, அவற்றுக்கு விருந்து வைப்பதாகும். பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும் மீன்கள், இளந்தளிரை விட்டுவைப்பதில்லை. தின்னாதவற்றையும் தோண்டி மிதக்க விடும். தடித்த இலையுள்ள அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும். அவற்றை மணலில் நடாமல், நூலால் கல்லில் கட்ட வேண்டும். கிடைத்தண்டு புதைந்தால் அழுகும். கல் எட்டாத மேல்மட்டத்தில் அந்த இலைகள் பார்வையை மறைக்கும் வகையில், அவற்றைக் குவியலின் தோள்பகுதியில் கட்டுவது என் வழக்கம்.

புது மீனைப் பழைய ஏற்பாட்டில் விடுவது

எல்லைகள் முடிவாகிவிட்ட தொட்டியில் புதிதாக வரும் மீனுக்கு ஓரங்குல இடம்கூட மிச்சமிருக்காது. விடுவதற்குச் சற்று முன் கற்களை இடம் மாற்றி, விளக்கையும் அணைத்துவிட்டால், பழைய மீன்களும் புதியவற்றைப் போலவே இடம் தேடத் தொடங்கும். அதற்காக மாதந்தோறும் கலைத்து அடுக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் எல்லைச் சண்டை முதலிலிருந்து தொடங்கும்.

நான் அந்த நடுக்குன்றைப் பிரித்து மூன்றாக அடுக்கி, பிடித்து வைத்திருந்த பழைய ஆரேட்டஸையும் அன்றைக்கே திரும்ப விட்டேன். மறுநாள் மாலைக்குள் அது வலப்பக்கக் குவியலைப் பிடித்துக்கொண்டது, அதன் இடத்துக்கு வந்திருந்த இரண்டாம் ஆண் இடக்கோடிக்குப் போயிற்று. நடுக்குவியலின் இடுக்குகளில் பெண் மீன்கள் நுழைந்தன. துரத்தல் இல்லாமல் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு துரத்தலும் கல் திருப்பத்தில் நின்றது, ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டியிருந்த மீன்கள் மூன்றாம் நாள் கீழே இறங்கி மணலில் இரை பொறுக்கின.