எந்த எரிச்சல், மிஸ்? சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொண்டு போகிறவர்களுக்கு

“போன ஒரு மாசத்துல உனக்கு எரிச்சலா இருந்துச்சா?” என்று கேட்டேன். ஒன்பது வயசுப் பையன். சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஊசி போடும் இடத்தைக் காட்டினான். “இங்க மட்டும்தான் மிஸ். அதுவும் ஸ்பிரிட் தடவுனா.”

கேள்வி கேட்டது சிடுசிடுப்பைப் பற்றி. சர்க்கரை ஏறி இறங்கும்போது பிள்ளைகளுக்கு மூக்கின் மேல் கோபம் வரும், அதைப் பற்றி. அந்தத் தமிழ் வாக்கியத்தை எழுதியது நான்தான். அவனுக்கு முன்னால் அதே கேள்விக்குப் பதில் சொன்ன பன்னிரண்டு பிள்ளைகள் எந்த எரிச்சலை நினைத்துச் சொன்னார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. பன்னிரண்டு தாளிலும் அந்த வரியை அடித்தேன்.

நான் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நீரிழிவுக் கல்வியாளர். டைப் 1, அதாவது தினமும் இன்சுலின் ஊசி தேவைப்படும் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்கு ஊசி போடக் கற்றுத் தருவது, இட்லிக்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்று கணக்குச் சொல்லித் தருவதுதான் வேலை. பதினொரு வருஷமாக, இடையிடையே வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள்களும், அதாவது நோயோடு நாட்கள் எப்படிப் போகின்றன என்று பிள்ளைகளையே கேட்டு எண்ணாக்கும் தாள்களும், எடுத்து வருகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் மாணவர்கள் ஒரே மாதிரி சந்தேகங்களைக் கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில், இதை ஏன் அளக்க வேண்டும்? மூன்று மாசத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாசச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கிறோமே, போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண் ரத்தத்தைச் சொல்லும். பள்ளிக்கூடத்துக் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஊசி போடுகிற பிள்ளையைச் சொல்லாது. இரண்டுக்கும் தொடர்பும் இருக்கிறது. 2001-ல் வெளிவந்த, ஹ்விடோரே என்ற பன்னாட்டுக் குழுவின் ஆய்வில் 17 நாடுகளில் 21 மையங்களைச் சேர்ந்த 2,101 வளரிளம் பிள்ளைகளிடம் கேட்டார்கள். எச்பிஏ1சி குறைவாக இருந்தவர்களுக்கு வாழ்க்கைத்தரம் மேலாக இருந்தது. அத்தனை நாடுகளிலும் ஒரே கேள்வி ஒரே பொருளில் போய்ச் சேர்ந்தால்தான் இப்படிச் சொல்ல முடியும். நம் வேலையின் கஷ்டம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

கேள்வித்தாளைச் சொந்தமாகத் தயாரிக்க இறங்காதீர்கள். இருப்பதில் ஒன்றை எடுங்கள். நான் அதிகம் பயன்படுத்தியது ஜேம்ஸ் வார்னியும் குழுவினரும் 2003-ல் வெளியிட்ட, பெட்ஸ்கியூஎல் என்ற பிள்ளைகளின் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளின் நீரிழிவுப் பகுதி. அதன் 3.0 பதிப்பில் 28 கேள்விகள்: நோயின் அறிகுறி 11, சிகிச்சைக்கான தடை 4, சிகிச்சையைக் கடைப்பிடிப்பது 7, கவலை 3, மற்றவர்களிடம் சொல்வது 3. வயசுக்கு ஏற்றபடி தனித்தனித் தாள். 2 முதல் 4 வயதுக்குப் பெற்றோர் மட்டும் பதில் சொல்வார்கள், அதற்கு மேல் பிள்ளைக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று. இன்னொரு வழி, ஐரோப்பாவில் ஏழு நாடுகள் சேர்ந்து செய்த டிசாப்கிட்ஸ். ஒரு மொழியில் எழுதி மற்றவற்றுக்கு மாற்றாமல், எல்லா நாட்டுப் பிள்ளைகளையும் ஆரம்பத்திலேயே கேட்டு உருவாக்கியது. அதன் நீரிழிவுப் பகுதியில் 10 கேள்விதான். கேட்டால் எனக்கு அந்த வழிதான் பிடிக்கும். ஆனால் தமிழ் அந்த மேசையில் உட்காரவில்லையே.

எதை எடுத்தாலும் உரிமை வைத்திருப்பவர்களிடம் எழுதி அனுமதி வாங்குங்கள். பெட்ஸ்கியூஎல் என்றால் அவர்கள் சார்பில் அனுமதி தருவது பிரான்சில் லியோனில் இருக்கும் மாப்பி ரிசர்ச் டிரஸ்ட். உங்களுக்கு வேண்டிய தமிழ் ஏற்கெனவே இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மொழிபெயர்க்கும் முறை 2005-ல் இஸ்போர் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வாளர் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. தனித்தனியாக இரண்டு பேர் தமிழாக்குவார்கள், இரண்டையும் உட்கார்ந்து ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டு போவார், ஒப்பிட வேண்டும், அப்புறம் பிள்ளைகளிடம் படித்துக் காட்டிச் சோதிக்க வேண்டும். தமிழாக்கும் இரண்டு பேரில் ஒருவர் மருத்துவம் தெரியாதவராக இருப்பது நல்லது. டாக்டர் எழுதினால் ‘தாழ்சர்க்கரை நிலை’ என்று வரும்; எங்கள் பிள்ளைகள் ‘லோ ஆயிருச்சு’ என்றுதான் சொல்கிறார்கள்.

திருப்பி மொழிபெயர்த்துப் பார்ப்பதைப் பெரிய காவல் மாதிரி எல்லோரும் நம்புகிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ‘எரிச்சல்’ திரும்பிப் போனபோது ‘இரிட்டேஷன்’ என்று அழகாகப் போய் நின்றது. எல்லோரும் சரி என்று டிக் அடித்தோம். இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவருக்கு அந்தச் சொல் மனநிலையைத்தான் சொல்லும். ஊசி குத்திய வயிறு நினைவுக்கு வராது. ஓட்டையைக் கண்டுபிடித்தது அந்தப் பையன். இப்போது எங்கள் தாளில் ‘சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வருகிறது’ என்று இருக்கிறது.

ஆகவே பிள்ளைகளோடு உட்காரும் கட்டத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். ஐந்தாறு பேர் போதும், ஆனால் ஆளுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். “புரிஞ்சுதா?” என்று கேட்கவே கேட்காதீர்கள். ஆஸ்பத்திரியில் எந்தப் பிள்ளையும் புரியவில்லை என்று சொல்லாது. நான் இப்படிக் கேட்பேன்: “இதையே உன் தம்பிகிட்ட கேக்கணும்னா எப்படிக் கேப்ப?” அவர்கள் வாயிலிருந்து வரும் வாக்கியம் பல நேரம் நம்முடையதைவிட நன்றாக இருக்கும்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது, நோய் இருப்பதை நினைத்துச் சங்கடப்படுவதைக் கேட்கும் கேள்வி. ‘வெட்கம்’ என்று போட்டோம். பன்னிரண்டு வயசுப் பையன் சிரித்துவிட்டான், “வெட்கமா? நான் என்ன கல்யாணப் பொண்ணா?” ‘கூச்சம்’ என்றால் சின்னவர்கள் கிச்சுகிச்சு மூட்டுவதை நினைத்தார்கள். ‘அவமானம்’ கனமான சொல்; ஒரு பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது, நாமே அதைச் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. ‘மற்றவர்கள் முன்னால் ஊசி போட’ என்று சேர்த்தால் எல்லோருக்கும் புரிந்தது, ஆனால் கேள்வி மாறிவிட்டது. மூலம் கேட்பது நோய் இருப்பதைப் பற்றி, ஊசியைப் பற்றி இல்லை. கடைசியில் ‘எனக்குச் சுகர் இருப்பது சங்கடமாக இருக்கிறது’ என்று நிறுத்தினோம். முழுத் திருப்தி இல்லை. ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பதைத் தேதியோடு எழுதி வைத்தோம். நீங்களும் ஒவ்வொரு சொல்லுக்கும் அப்படி எழுதுங்கள், ஆறு மாசம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

விடைகளில் இன்னொரு கண்ணி. ஐந்து படி: இல்லவே இல்லை என்பதில் தொடங்கி, கிட்டத்தட்ட எப்போதும் என்பது வரை. இரண்டாவது படிக்கு ‘அரிதாக’ என்று போட்டிருந்தோம். ஐந்தையும் துண்டுச் சீட்டில் தனித்தனியாக எழுதி, கலைத்துப்போட்டு, குறைவிலிருந்து அதிகம் வரை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் ‘அடிக்கடி’யைச் சரியாக வைத்தார்கள், ‘அரிதாக’ மட்டும் கண்ட இடத்தில் போய் உட்கார்ந்தது. ‘எப்போதோ ஒரு தடவை’ என்று மாற்றியதும் வரிசை நேரானது. பத்து நிமிஷ வேலை, இதைச் செய்யாமல் எந்தத் தாளையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

அப்புறம், நாம் எழுதுவது ஒரு தமிழ், பேசுவது ஒரு தமிழ். பல பிள்ளைகள் ஆங்கில மீடியத்தில் படிப்பதால் தமிழைத் தட்டுத் தடுமாறித்தான் வாசிக்கிறார்கள். அதனால் நாம் படித்துக் காட்டுகிறோம். படிக்கும்போது ஆளாளுக்குத் தன் ஊர்ப் பேச்சில் மாற்றிக்கொள்கிறோம். அப்படிச் செய்தால் ஒரே தாள் நாலு தாள் ஆகிவிடும். பேச்சுத் தமிழ் வடிவத்தையும் தனியாக எழுதி, அதையே எல்லோரும் படிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள்.

தமிழ்நாட்டுத் தாளை அப்படியே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பாதீர்கள். அங்கே ‘வருத்தம்’ என்றால் நோய். ‘சீனி வருத்தம்’ என்பதுதான் சர்க்கரை நோய். “வருத்தமாக இருந்ததா?” என்று மனசைப் பற்றிக் கேட்டால், உடம்பு சரியில்லையா என்று கேட்டதாகப் போய்ச் சேரும். தலைவலி அங்கே தலையிடி. ‘ஒரே மொழிதானே’ என்று நினைப்பவர்கள்தான் இதில் முதலில் சறுக்குவார்கள்.

ஐந்து முதல் ஏழு வயதுக்கு விடையாக மூன்று முகங்கள்: கஷ்டமே இல்லை என்றால் சிரிக்கிற முகம், சில நேரம் என்றால் சும்மா இருக்கிற முகம், ரொம்பக் கஷ்டம் என்றால் வாடிய முகம். தொடங்குமுன் ஒரு பயிற்சிக் கேள்வி கேட்க வேண்டும். “சொடக்குப் போடுறது உனக்குக் கஷ்டமா?” பதில் சொன்னதும் சொடக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விரல் வழுக்கிக்கொண்டே சிரித்த முகத்தைக் காட்டினால், அந்தப் பிள்ளைக்கு முகம் பிடித்திருக்கிறது, கேள்வி புரியவில்லை என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து.

அம்மாவை வேறு அறையில் உட்கார வையுங்கள். பக்கத்தில் இருந்தால் பிள்ளை பதில் சொல்லுமுன் அம்மா முகத்தைப் பார்க்கும். “ஊசி போடப் பயமா?” என்றால் அம்மாவே, “அவ எல்லாம் தைரியமா போட்டுக்குவா மேடம்” என்பார். இரண்டு பேர் பதிலும் வேறாக இருந்தால் எது சரி என்று தேடாதீர்கள். அம்மா பார்ப்பதும் பிள்ளை படுவதும் வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள்.

இங்கே பொருந்தாத கேள்விகளும் வரும். நோயைக் குறிக்கும் அடையாளக் காப்பைக் கையில் போட்டுக்கொள்வது கஷ்டமா என்று ஒன்று. எங்களிடம் வரும் பிள்ளைகளில் ஒருவர் கையிலும் அதை நான் பார்த்ததில்லை. “இல்லவே இல்லை” என்பார்கள், இல்லாத பொருளைப் போடுவதில் என்ன கஷ்டம்? நீங்களாகக் கேள்வியை நீக்க முடியாது. உருவாக்கியவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். அதுவரை ‘காப்பு இல்லை’ என்று ஓரத்தில் குறியுங்கள்.

இதைவிட நுணுக்கமானது ஒன்று. பதிமூன்று வயசுப் பெண். நோயைப் பற்றி மற்றவர்களுக்கு விளக்குவது கஷ்டமா என்று கேட்டேன். “இல்லவே இல்லை மிஸ்” என்று டக்கென்று சொன்னாள். ஏன் என்றேன். “யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பாட்டி சொல்லிருக்காங்க. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்குல்ல. சொன்னாத்தான கஷ்டம்?” கணக்குப்படி அந்தக் கேள்விக்கு அவளுக்கு 100.

மதிப்பெண் போடுவது எளிது. விடைகள் ‘இல்லவே இல்லை’க்கு 0 என்பதில் தொடங்கி 4 வரை. அதைத் தலைகீழாக்கி 0-க்கு 100, 1-க்கு 75, 2-க்கு 50, 3-க்கு 25, 4-க்கு 0. மூன்று முகத் தாளில் 0, 2, 4 மட்டும் வரும். கவலைப் பகுதியின் மூன்று கேள்விக்கு ஒரு பிள்ளை ‘சில சமயம்’, ‘அடிக்கடி’, ‘இல்லவே இல்லை’ என்று சொன்னால் 50, 25, 100. கூட்டி மூன்றால் வகுத்தால் 58.3. பதில் சொல்லாத கேள்வி இருந்தால் சொன்னவற்றின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு பகுதியில் பாதிக்கு மேல் பதில் இல்லையென்றால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண்ணே கிடையாது. எண் கூடினால் வாழ்க்கைத்தரம் மேல். இதைத் திருப்பிப் படித்து, ஆய்வறிக்கையே எழுதி முடித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

எண் வந்ததும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு 70, வேறு மொழிப் பிள்ளைகளுக்கு 76 என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். ஒரு பகுதியின் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் கிரான்பாக் ஆல்ஃபா 0.70-ஐத் தாண்டிவிட்டது என்பதால் மட்டும் இரண்டு மொழியையும் ஒப்பிட முடியாது. மொத்தத்தில் ஒரே நிலையில் இருக்கும் இரண்டு பிள்ளைகள், மொழி வேறு என்பதற்காகவே ஏதாவது ஒரு கேள்விக்கு வேறு மாதிரி பதில் சொல்கிறார்களா என்று கேள்வி கேள்வியாகச் சோதிக்க வேண்டும். அதற்குப் புள்ளியியல் தெரிந்தவரும் நிறையப் பிள்ளைகளின் தாள்களும் வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால், உங்கள் பிள்ளைகளைப் போன வருஷத்து அவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதிலும் பரீட்சை மாசத்தையும் மே மாசத்தையும் ஒப்பிடாதீர்கள், தாள் கேட்பது கடந்த ஒரு மாசத்தைத்தான்.

தாளை அச்சடிக்கும்போது கேள்விகளுக்கு வலப்பக்கம் இரண்டு விரல் அகலம் வெற்றிடம் விடுங்கள். பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே அங்கே எழுதுங்கள். பாட்டி சொன்னதை நான் எழுதி வைத்தது அங்கேதான். அடுத்த முறை அந்தப் பெண் வந்தபோது, தாளை எடுக்கும் முன் பாட்டியையும் கூட்டிவரச் சொன்னேன்.