‘இதில் என்ன இருக்கிறது’ என்று தள்ளிவிடும் பலங்கள்: பணியிடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பணியில் சேர்பவர்களுக்கு முதல் ஓராண்டு வழிகாட்டும் பொறுப்பு என்னிடம் வந்ததிலிருந்து, ஆண்டு மதிப்பீட்டுக்கு முன் அவர்கள் நிரப்பித் தரும் படிவங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ‘உங்கள் பலங்கள்’ என்ற கட்டத்தில் அவர்கள் எழுதுவதும், இருபது ஆண்டுகளுக்கு முன் அதே கட்டத்தில் நான் எழுதியதும் ஏறக்குறைய ஒன்றுதான்: கடின உழைப்பு, குழுவோடு இணைந்து செயல்படுதல், விரைவாகக் கற்றுக்கொள்ளுதல். இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எழுதியவர் யார் என்று காட்டிக்கொடுக்கும் ஒரு சொல்லும் இல்லை. தற்பெருமை கூடாது, இல்லாத திறமையை இருப்பதாகச் சொல்லக் கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். செய்கிறோம் என்று தெரியாமலே செய்யப்படும் தவறுகளையும், அவற்றுள் எனக்கு ஆறு ஆண்டுகளை இழக்கச் செய்த ஒன்றையும் பற்றியே எழுத விரும்புகிறேன்.

சோதனை தந்த பெயரோடு நின்றுவிடுவது

பலங்களை அறிவதற்கான சோதனைகள் பயனற்றவை என்று நான் சொல்லமாட்டேன். கருத்துக்கணிப்புகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமான கேலப்பின் சோதனை மனிதர்களின் இயல்பான திறன்களை 34 வகைகளாகப் பிரிக்கிறது. 2004இல் வெளியான விஐஏ (Values in Action) என்ற குணநல வகைப்பாடு நேர்மை, கருணை, விடாமுயற்சி போன்ற 24 குணநலன்களைப் பட்டியலிடுகிறது. இரண்டும் அளப்பது வெவ்வேறு என்பதைக் கவனிக்காமல், இரண்டின் முடிவுகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தன்னைப் பற்றிய தீர்ப்பாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ‘பகுத்தாய்வுத் திறன்’ என்று ஒரு சோதனை சொன்னால் அது விசாரணையின் தொடக்கமே தவிர முடிவன்று. கடந்த ஆறு மாதங்களில் அந்தத் திறன் வெளிப்பட்ட இரண்டு வேலைகளை அந்தப் பெயருக்கு எதிரே எழுத முடிந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். எழுத முடியாவிட்டால், எவ்வளவு பிடித்த பெயராக இருந்தாலும் அதை ஒதுக்கி வைப்பதே நேர்மை.

பிடித்த வேலையைப் பலம் என்று கொள்வது

விருப்பம் கற்கத் தூண்டும். பலத்தை விளைவுதான் காட்டும்.

எளிதாக வருவதைத் தள்ளிவிடுவது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர், தான் மிக நன்றாகச் செய்த ஒன்றை நான் சுட்டிக்காட்டும்போது, “இதுல என்ன சார் இருக்கு?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்தக் கேள்வியின் விலை எனக்குத் தெரியும்.

தொழிற்சாலைகளுக்கான நீரேற்று இயந்திரங்களைத் தயாரித்த ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் நான் பணியாற்றினேன். எந்த நேரத்தில் புகார் வந்தாலும் ஆளையும் உதிரிபாகத்தையும் தேடிப்பிடித்து அனுப்பிவிடுவேன் என்பதால், ‘அவசரத்துக்குக் கைகொடுப்பவர்’ என்ற பெயர் எனக்கு இருந்தது. அதைச் செய்வதற்கு நான் படாத பாடு பட்டேன். பல இரவுகள் தூக்கத்தை இழந்தேன். அவ்வளவு பாடுபட்டுச் செய்வதால் அதுதான் என் பலமாக இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, ஆண்டுதோறும் படிவத்திலும் அதையே எழுதினேன். விளைவாக, எனக்கு மேலும் மேலும் அவசர வேலைகளே வந்து சேர்ந்தன.

இதற்கிடையில் யாரும் கேட்காமலே ஒரு குறிப்பேட்டை எழுதி வந்தேன். அதில் நான்கு பத்திகள்: தேதி, இயந்திரத்தின் வரிசை எண், வாடிக்கையாளர் சொன்னது, பழுதுபார்க்கச் சென்றவர் கண்டது. மூன்றாவது பத்திக்கும் நான்காவது பத்திக்கும் இடையிலான வேறுபாடு என் கண்ணில் தானாகவே படும். ‘நீர் கசிகிறது’ என்று வாடிக்கையாளர் சொல்லியிருப்பார். கசிவுத் தடுப்பானை மாற்றியதாகப் பழுதுபார்த்தவர் எழுதியிருப்பார். சில வாரங்களில் அதே வரிசை எண் மீண்டும் வரும். அப்படி மீண்டும் வந்தவற்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தபோது, அவற்றில் பெரும்பாலானவை இயந்திரத்தை நிறுவிய முதல் மாதத்திலேயே தொடங்கியவை என்பது தெரிந்தது. மோட்டாரின் தண்டும் ஏற்றியின் தண்டும் நேர்கோட்டில் பொருந்தாமல் நிறுவப்பட்டால், எத்தனை முறை புதிய தடுப்பானைப் போட்டாலும் அது தேய்ந்துகொண்டேதான் இருக்கும். குறை பொருளில் இல்லை, நிறுவிய விதத்தில் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க நான் சிறிதும் சிரமப்படவில்லை. அதனாலேயே அதற்கு மதிப்பிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உடன் பணியாற்றிய ஒருவர் அந்தக் குறிப்பேட்டைக் கேட்டார். “இதில் என்ன இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கொடுத்தேன். அவர் அதை ஒரே பக்க அறிக்கையாக்கி, குறிப்புகள் என்னுடையவை என்பதையும் சொல்லி, மேலாளரிடம் கொடுத்தார். சில மாதங்களில் புகார்களின் மூலகாரணத்தை ஆராய ஒரு தனிப் பொறுப்பு உருவாக்கப்பட்டு அவருக்கு வழங்கப்பட்டது. அவர்மீது எனக்கு இன்றும் மனக்குறை இல்லை. ஏன் என்னைக் கருதவில்லை என்று மேலாளரிடம் கேட்டபோது, “உங்கள் படிவம் எதிலும் இப்படி ஒரு வேலையை நீங்கள் குறிப்பிட்டதே இல்லையே” என்றார். அந்தப் பதிலுக்கு எதிராகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அத்தகைய பொறுப்பு எனக்குக் கிடைக்க அதன்பின் ஆறு ஆண்டுகள் ஆயின.

இது என் ஒருவனுடைய குறைபாடு என்றால் எழுதியிருக்கமாட்டேன். டேவிட் டன்னிங், ஜஸ்டின் க்ரூகர் ஆகிய உளவியலாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் தங்களை உண்மை நிலையைவிட மிக உயர்வாக மதிப்பிட்டுக்கொண்டார்கள் என்ற பகுதி மட்டுமே பரவலாகப் பேசப்படுகிறது. மிகச் சிறப்பாகச் செய்தவர்கள் மற்றவர்களோடு ஒப்பிடுகையில் தங்கள் இடத்தைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். தமக்கு எளிதாக இருப்பது மற்றவர்களுக்கும் எளிதாகவே இருக்கும் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். மற்றவர்கள் எழுதிய விடைத்தாள்களை அவர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்ன பிறகு, தங்களைப் பற்றிய மதிப்பீட்டை உயர்த்திக்கொண்டார்கள். இதிலிருந்து கிடைக்கும் வழி நேரானது. உங்களுக்கு எளிதாக வரும் வேலையை மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று அருகிலிருந்து பாருங்கள். அவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எதை மீண்டும் மீண்டும் கேட்கிறார்கள், எந்த இடத்தில் உங்களைத் தேடி வருகிறார்கள் என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். பாராட்டுப் பட்டியலைவிட இந்தக் குறிப்புகள் நம்பகமானவை. பாராட்டு பெரும்பாலும் மற்றவர்களுக்கு வசதியாக இருப்பதைப் பற்றியது. நடக்காமல் தடுக்கப்பட்ட ஒரு பழுதை யாரும் பாராட்டமாட்டார்கள்.

‘என் பலம் என்ன?’ என்று கேட்பது

இப்படிக் கேட்டால் ‘நீங்கள் நல்ல உழைப்பாளி’ என்ற பதில்தான் வரும். ‘நான் செய்தவற்றில் உங்கள் வேலையை மாற்றிய ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர வேண்டிய கட்டாயம் வரும்போது மனிதர்கள் உண்மையான விவரங்களைத் தருகிறார்கள். மூன்று பேர் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வகையான நிகழ்ச்சியைச் சொன்னால், அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நினைவை மட்டும் நம்புவது

நிர்வாகவியல் சிந்தனையாளர் பீட்டர் டிரக்கர் வலியுறுத்திய ஒரு வழக்கத்தை நான் தாமதமாகவே கைக்கொண்டேன். முக்கியமான முடிவை எடுக்கும்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதி வைத்து, ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதங்கள் கழித்து நடந்ததோடு ஒப்பிட வேண்டும். இப்படித் தொடர்ந்து செய்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒருவரின் பலம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பது அவர் கருத்து. என் குறிப்புகளில், இயந்திரங்களைப் பற்றிய என் கணிப்புகள் பெரும்பாலும் சரியாகவும், ஆட்களின் வேலை நேரத்தைப் பற்றிய கணிப்புகள் பெரும்பாலும் தவறாகவும் இருந்தன. எழுதி வைக்காமல் இருந்திருந்தால் இரண்டிலும் நான் சமமானவன் என்றே நம்பிக்கொண்டிருப்பேன்.

குறைகளை முற்றிலும் மறந்துவிடுவது

வேலையின் அடிப்படையையே தொடும் குறையைச் சரிசெய்தே ஆக வேண்டும். மற்றவற்றுக்குத் துணை தேடலாம்.

ஒரே பலத்தை எல்லா இடத்திலும் செலுத்துவது

திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் எடைபோட வேண்டிய வலிகளைச் சொல்லும்போது, வினையின் வலியை முதலிலும் தன் வலியை அதற்கு அடுத்தும் வைக்கிறது. அந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். நுணுகிப் பார்க்கும் ஒருவர், பத்து நிமிடத்தில் முடிவு தேவைப்படும் இடத்திலும் நுணுகிப் பார்த்துக்கொண்டிருந்தால், அங்கே அவருடைய பலமே தடையாகிறது. அப்போது அவர் குறைத்துக்கொள்ள வேண்டியது திறனை அன்று, அதைச் செலுத்தும் அளவை.

கண்டறிந்ததோடு நிறுத்திவிடுவது

பலத்தைக் கண்டறிந்தவர்களில் பலர் அதை அறிவித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ‘எனக்கு ஆய்வுத் திறன் உண்டு’ என்று சொல்பவருக்கு மேலாளர் எந்த வேலையைக் கொடுக்க முடியும்? அதற்குப் பதிலாக எல்லை வகுக்கப்பட்ட ஒரு சிறு வேலையைக் கேட்க வேண்டும். என் விஷயத்தில் கடைசியில் பயன்பட்டது இதுதான். ஒரே ஒரு வகை இயந்திரம், மூன்று மாதங்கள், மீண்டும் வரும் புகார்கள் மட்டும், முடிவில் ஒரு பக்க அறிக்கை என்று எழுதிக் கொடுத்தேன்; வழக்கமான வேலையில் எதையும் குறைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அனுமதி அன்றே கிடைத்தது. மூன்றாம் மாத இறுதியில் அந்த ஒரு பக்கத்தைப் படித்த மேலாளர், அடுத்த வகை இயந்திரத்தின் கோப்பை என் மேசைக்கு அனுப்பிவைத்தார்.