உங்கள் கடனே முதல் புரோகிராம்: கோடிங்கைச் சம்பாத்தியமாக மாற்றும் வழி

"ஆறே மாதத்தில் கோடிங், கைநிறையச் சம்பளம்" என்ற விளம்பரத்தை நம்பி, கடன் வாங்கிக் கோர்ஸ் ஃபீஸ் கட்டுபவர்கள் நிறைய. பணச் சுதந்திரம் தேடிப் போகிறவர் முதல் அடியிலேயே இன்னொரு இஎம்ஐயைத் தலையில் ஏற்றிக்கொள்வது விபரீதம். இந்தப் பாடத்துக்கு ஒரு பைசா செலவில்லை. முதலில் உங்கள் சொந்தக் கடனைக் கணக்குப் போடும் நிரலை (புரோகிராமை) எழுதுவோம். பிறகு ஒரு சிறு தொழிலின் கணக்கைக் கையில் எடுப்போம். வேலை தேடுவது அதற்கப்புறம்.

நிரல் எழுதும் மொழி பைதான். எது சிறந்த மொழி என்ற விவாதத்தில் ஒரு வாரத்தைத் தொலைக்காதீர்கள். எக்செல் ஃபைல்களோடு மல்லுக்கட்டும் சிறு நிறுவனங்களுக்கு வேலை செய்ய இதுதான் வசதி.

1. இன்ஸ்டால் எதுவும் வேண்டாம்

கூகுள் கணக்கு இருந்தால் போதும். பிரவுசரில் கூகுள் கோலாப் தளத்தைத் திறந்து, புதிய நோட்புக் ஒன்றைத் தொடங்குங்கள். சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வரும். அதன் பெயர் செல். அதில் எழுதி, ஷிஃப்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தினால் ஓடும். மொபைலிலும் ஓடும், ஆனால் நட்சத்திரக் குறிகளையும் இடைவெளிகளையும் அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிடும். ஒரு பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம் இருந்தாலும் தாராளம். கணக்கெல்லாம் கூகுளின் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது.

2. இஎம்ஐ எப்படி வருகிறது

பைதான் 3-இல் மாறிகளுக்கு (மதிப்புகளைப் போட்டு வைக்கும் இடங்களுக்கு) தமிழிலேயே பெயர் வைக்கலாம். கீழே உள்ள ஐந்து வரிகளையும் அப்படியே அடியுங்கள். 3 லட்சம் கடன், ஆண்டு வட்டி 12%, 36 மாதம்:

கடன் = 300000
வட்டி = 12 / 100 / 12
மாதம் = 36
தவணை = கடன் * வட்டி * (1 + வட்டி) ** மாதம் / ((1 + வட்டி) ** மாதம் - 1)
தவணை

ஓட்டினால் 9964.29 என்று தொடங்கும் எண் வரும். கடைசி வரியில் வெறும் பெயர் இருந்தால் அதன் மதிப்பை கோலாப் தானாகவே காட்டும். இரண்டாவது வரியில் 100-ஆல் வகுப்பது சதவீதத்துக்காக, 12-ஆல் வகுப்பது மாத வட்டிக்காக. இப்போது உங்கள் கடனின் மூன்று எண்களையும் போட்டு, வங்கி சொன்ன தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில ரூபாய் வித்தியாசம் வந்தால், நாள் கணக்கில் வட்டி போட்டதாலோ ரவுண்டு செய்ததாலோ இருக்கலாம். பெரிய வித்தியாசம் என்றால் "ஃபிளாட் ரேட்" என்று சொல்லிக் கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு. ஃபிளாட் ரேட்டில் நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், வட்டி முதல் நாள் அசலுக்கே போடப்படும். அதே 12% ஃபிளாட் ரேட்டில் தவணை 11,333 ரூபாய்க்கு மேல் போய்விடும்.

இந்த ஐந்து வரியில் எல்லோரும் சறுக்கும் இடங்கள்:

3,00,000 என்று கமா போட்டு எழுதினால் பைதான் அதை மூன்று லட்சமாகப் படிக்காது. 3, 0, 0 என்ற மூன்று தனி எண்களின் தொகுப்பாக எடுத்துக்கொள்ளும். அந்த வரியில் சத்தமே இருக்காது. தவணை வரிக்கு வந்ததும் டைப் எரர் (மதிப்பின் வகை பொருந்தவில்லை என்ற பிழை) வெடிக்கும். பிழை வெடித்த இடமும் பிழை பிறந்த இடமும் வேறு வேறு என்பதற்கு இது நல்ல உதாரணம். படிக்க வசதி வேண்டுமென்றால் 3_00_000 என்று அடிக்கோடு போடுங்கள், அதை ஏற்கும்.

அடுக்குக்கு இரண்டு நட்சத்திரம். எக்செல் பழக்கத்தில் கூரைக் குறி போட்டால் அது பைதானில் வேறொரு கணக்கு. 5 ^ 2 என்றால் 25 வராது, 7 வரும்.

சதவீதக் குறியோடு 12% என்று எழுதினால் சின்டாக்ஸ் எரர்.

வாட்ஸ்ஆப்பிலிருந்து வரிகளை காப்பி செய்தால், கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளும் வளைந்த மேற்கோள் குறிகளும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தும் ஓடாது. தொடக்கத்திலாவது கையால் அடியுங்கள்.

3. ஒரு மாதம் = ஒரு முறை ஓட்டுதல்

தவணைக்குப் பதிலாக மாதம் 12,000 கட்டினால்? கீழே புதிய செல்லில் இது:

மீதி = 300000

அடுத்த செல்லில் இது:

மீதி = மீதி * (1 + வட்டி) - 12000
மீதி

இரண்டாவது செல்லை ஒருமுறை ஓட்டினால் 291000 வரும். மறுபடி ஓட்டுங்கள், 281910. ஒவ்வொரு ஓட்டமும் ஒரு மாதம். 29ஆவது முறை எண் மைனஸுக்குப் போய் -1053 என்று நிற்கும். அதாவது கடன் 29ஆவது மாதத்தில் முடிகிறது. கடைசித் தவணை 12,000 அல்ல, சுமார் 10,947 ரூபாய்தான். 36 மாதத்தில் போகும் வட்டி 58,714 ரூபாய். இப்படிக் கட்டினால் 46,946. கிட்டத்தட்ட 11,770 ரூபாய் மிச்சம். (முன்கூட்டிக் கட்டினால் அபராதக் கட்டணம் உண்டா என்று கடன் பத்திரத்தில் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுங்கள்.)

சமன் குறி இங்கே "சமம்" என்று சொல்லவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். வலப்பக்கம் கணக்குப் போட்டு, விடையை இடப்பக்கப் பெயரில் போட்டு வை என்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: கோலாப் செல்களை மேலிருந்து கீழாக அல்ல, நீங்கள் ஓட்டிய வரிசையில் நினைவில் வைக்கும். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் இணைப்பு அறுந்து எல்லா மதிப்புகளும் மறந்துபோகும். திரும்பி வந்து ஓட்டினால் நேம் எரர். பதற வேண்டாம், முதல் செல்லிலிருந்து வரிசையாக ஓட்டினால் சரியாகிவிடும்.

29 முறை பட்டனை அழுத்துவது சலிப்பு. அதைச் செய்வதற்குத்தான் லூப். இங்கிருந்து கட்டளைச் சொற்கள் வரும். அவற்றை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும், ஒலிப்பை மட்டும் இங்கே தருகிறோம். ஒரு வரியில் வைல் என்ற சொல், இடைவெளி, மீதி > 0, கடைசியில் முக்காற்புள்ளி (:). அடுத்த வரியை நான்கு இடைவெளி உள்ளே தள்ளி, மேலே உள்ள மீதி கணக்கை எழுதுங்கள். அதே அளவு உள்ளே தள்ளி, இன்னொரு வரி:

மாத_எண் = மாத_எண் + 1

லூப்புக்கு முன்னால் மாத_எண் = 0 என்றும் மீதி = 300000 என்றும் வைத்திருக்க வேண்டும். உள்ளே தள்ள மறந்தால் இன்டென்டேஷன் எரர். லூப் முடிந்த பிறகு மாத_எண் என்ன என்று கேட்டால் 29 வர வேண்டும். கையால் ஓட்டிய விடை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் நிரல் சரியா என்று உங்களுக்கே தெரியும். இந்தப் பழக்கத்தை விடாதீர்கள். ஏஐ சாட்டில் கேட்டால் மொத்த நிரலையும் நொடியில் தரும்தான். ஆனால் அது தந்தது சரியா என்று பார்க்க, சிறிய கணக்கு ஒன்றின் விடை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இப்போது 12000-ஐ 2500 ஆக்கி ஓட்டுங்கள். நிற்காது. சுற்றிக்கொண்டே இருக்கும், ஸ்டாப் பட்டனை அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். நிரலில் கோளாறு இல்லை. முதல் மாத வட்டியே 3,000 ரூபாய். 2,500 கட்டினால் கடன் வளரத்தான் செய்யும், மீதி ஒருநாளும் பூஜ்யத்துக்கு வராது. மாதம் 3.5% வட்டி ஓடும் கிரெடிட் கார்டில் 1 லட்சம் பாக்கி வைத்திருந்தால் வட்டி மட்டும் மாதம் 3,500. உங்கள் கார்டு எண்களைப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று முடிவு செய்யுங்கள். கோடிங்கால் வரும் முதல் வருமானம் அநேகமாக இப்படி மிச்சமாகும் வட்டிதான்.

4. அடுத்தவர் ஃபைலைக் கையாளுதல்

லிஸ்ட், டிக்‌ஷனரி, இஃப், ஃபங்ஷன் ஆகிய நான்கையும் கற்றுக்கொள்ளுங்கள். தமிழில் படிக்க கணியம் தளம் இருக்கிறது. ஆங்கிலம் தடையில்லை என்றால் ஹார்வர்டின் சிஎஸ்50 பைதான் வகுப்பு இலவசம். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு, மூன்று மாதத்தில் இந்த அளவுக்கு வந்துவிடலாம். அதன் பிறகு பாண்டாஸ் என்ற நூலகம், அதாவது பிறர் எழுதி வைத்த கட்டளைகளின் தொகுப்பு. எக்செல், சிஎஸ்வி (கமாவால் பிரித்து எழுதிய அட்டவணை) ஃபைல்களைப் படிக்க இதுதான். கோலாபில் ஏற்கெனவே இருக்கிறது, இம்போர்ட் செய்தால் போதும்.

பயிற்சிக்குத் திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்டின் பீஸ் ரேட் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஷீட். முதலாவதில் தேதி, பெயர், ஸ்டைல், ஆபரேஷன், பீஸ் எண்ணிக்கை. இரண்டாவதில் ஸ்டைல், ஆபரேஷன், ரேட். ஒருவர் 480 காலர் தைத்தார், ரேட் 1 ரூபாய் 35 பைசா என்றால் 648 ரூபாய். இரண்டு ஷீட்டையும் மெர்ஜ் கட்டளையால் இணைத்து, பெருக்கி, பெயர்வாரியாகக் கூட்டினால் வாரச் சம்பளம் வந்துவிடும். நிரல் பத்து வரிகூட வராது. ஆனால் காசு விஷயம் என்பதால், தப்பு நடக்கும் இடங்கள்தான் பாடமே:

மெர்ஜ் சும்மா விட்டால், ரேட் ஷீட்டில் இல்லாத ஆபரேஷன் வரிகளைச் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கி எறிந்துவிடும். ஹவ் என்ற இடத்தில் லெஃப்ட் என்று கொடுத்தால் வரி தங்கும், ரேட் காலியாக இருக்கும். அதோடு விட்டுவிட்டால் அதுவும் ஆபத்து. கூட்டும்போது பாண்டாஸ் காலி இடங்களைத் தாண்டிப் போய்விடும், ஒருவருடைய உழைப்பு கணக்கில் வராது. ஆகவே ரேட் காலியான வரிகளை முதலில் தனியே எடுத்து முதலாளியிடம் காட்ட வேண்டும்.

ரேட் ஷீட்டில் ஒரே ஆபரேஷன் இரண்டு முறை இருந்தால், இணைக்கும்போது வரியும் இரண்டாகும், சம்பளமும் இரட்டிப்பாகும். இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பீஸ்களின் மொத்தமும் மாறக்கூடாது.

"காலர்" என்பதும், கடைசியில் ஓர் இடைவெளியோடு இருக்கும் "காலர்" என்பதும் கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ஸ்ட்ரிப் கட்டளையால் ஓரங்களைச் சுத்தம் செய்யுங்கள். தமிழில் கூடுதலாக ஒரு வம்பு உண்டு. "கோ"வில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு "கோபால்" சம்பளப் பட்டியலில் இரண்டு ஆட்களாகிவிடுவார்கள். யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் கட்டளையில் என்எஃப்சி என்று கொடுத்தால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வரும்.

05/06/2025 ஜூன் 5 என்றுதான் நாம் எழுதுவோம். பாண்டாஸ் அதை மே 6 என்று படிக்கும். தேதியைப் படிக்கும் கட்டளையில் டேஃபர்ஸ்ட் என்பதை ட்ரூ ஆக்குங்கள். வங்கிக் கணக்கு எண்களை எழுத்தாகவே படிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். எக்செல்லும் இந்த விஷயத்தில் மோசம். 15 இலக்கங்களுக்கு மேல் உள்ளதைப் பூஜ்யமாக்கிவிடும். முடித்த கணக்கை சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுக்காவிட்டால், எக்செல்லில் திறப்பவருக்குத் தமிழ்ப் பெயர்கள் கோணல்மாணல் குறிகளாகத் தெரியக்கூடும்.

5. முதல் வேலை

ஃப்ரீலான்ஸ் தளங்களில் உலகத்தோடு போட்டி போடுவதைவிட, தெரிந்தவர் கடையில் தொடங்குவது எளிது. "உங்களுக்கு சாஃப்ட்வேர் வேணுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். "ஏனுங்க, சனிக்கிழமை சம்பளக் கணக்குப் போட எத்தனை மணி நேரம் ஆகுதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நீளும். பெயர்களை மாற்றிய பழைய ஒரு வாரக் கணக்கை வாங்கி ஓட்டி, அவர் கையால் போட்ட தொகையோடு பைசா வரை பொருந்துகிறதா என்று காட்டுங்கள். பொருந்தாவிட்டால் யார் கணக்கு தப்பு என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.

விலையை இப்படிப் போடலாம். மாலை நேரத்தில் மாதம் 40 மணி நேரம் கிடைக்கும் என்றால் பேச்சு, திருத்தம் போக பில் போட முடிவது 20 மணிதான். மாதம் 10,000 வேண்டுமென்றால் மணிக்கு 500. வேலை 12 மணி பிடிக்கும் என்று தோன்றினால் 6,000 என்று சொல்லாதீர்கள். புதியவர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவார்கள், பாதி கூட்டி 9,000 என்று சொல்லுங்கள். பாதிப் பணம் முன்பணம். எந்த ஃபைல் உள்ளே வரும், எந்த ஃபைல் வெளியே போகும், எத்தனை முறை இலவசத் திருத்தம் என்பதை வாட்ஸ்ஆப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். "சும்மா ஷீட்டுல ஒரு பத்தி சேர்த்துக் குடுங்க தம்பி" என்பதில்தான் லாபமெல்லாம் போகும்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உங்கள் நிரலைப் போட்டு வைத்தால் அடுத்தவரிடம் காட்ட உதவும். ஆனால் வாடிக்கையாளரின் ஃபைல், பாஸ்வேர்டு எதுவும் அங்கே போகக்கூடாது. பிறகு அழித்தாலும் பழைய பதிப்புகளில் தங்கியிருக்கும்.

இந்த வரவுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வந்ததில் ஒரு பங்கை வரிக்கு ஒதுக்குங்கள். ஃப்ரீலான்ஸ் வருமானத்தையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். நிறுவனம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வரி) பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். தமிழ்நாட்டில் சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு வரும், இப்போதைக்கு அது தூரம். மீதிப் பணம் மூன்றாம் படியில் எழுதிய லூப்புக்குள் போகட்டும்: வட்டி அதிகமான கடன் முதலில், அது முடிந்ததும் ஆறு மாத வீட்டுச் செலவு கையிருப்பாக. கையிருப்பு சேரும்வரை இருக்கிற வேலையை விடாதீர்கள். சிறு நிறுவனங்கள் பணம் தர இரண்டு மாதம் இழுப்பது சகஜம்.