இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கு முதலுதவி: சொல்லிக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

18 வயது முடிந்து குழந்தைகள் இல்லத்திலிருந்து வெளியே வரும் பிள்ளைகளுக்குச் சில வருடங்களாக முதலுதவி சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பையன், மூச்சு நின்றவருக்கு நெஞ்சை 30 தடவை அழுத்தி வாயில் 2 தடவை ஊத வேண்டும் என்று கணக்குத் தப்பாமல் சொன்னான். சரி, 108-க்குப் பேசிக் காட்டு என்றேன். "அண்ணா, ஆக்சிடென்ட், சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டான். எந்த இடம் என்றே சொல்லவில்லை.

அவனைக் குறை சொல்ல முடியாது. இல்லத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதும் வார்டன்தான். வீட்டில் வளரும் பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்வதை இவர்களுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. இப்போதெல்லாம் என் முதல் வகுப்பே போன் பேசுவதுதான். எந்த இடம், பக்கத்தில் என்ன அடையாளம், எத்தனை பேருக்கு அடி, மூச்சு இருக்கிறதா? 108-இல் பேசுபவர் சொல்லும்வரை போனை வைக்கக் கூடாது.

கேட்க ஆளில்லாத பிள்ளைகளுக்குப் போலீஸ் பயமும் அதிகம். சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது, அவர்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைக் கேட்டுச் சிரிப்பது. வலிப்பு வந்தால் கையில் சாவி, தீக்காயத்துக்குப் பேஸ்ட், பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டு. இதையெல்லாம் கண்ணால் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள். "சாவி கொடுத்ததும் நின்னுச்சே" என்று கேட்டால், பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும் என்று பொறுமையாக விளக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதுவும் வைக்காமல், மணியைப் பார்க்கச் சொல்லுங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

தீக்காயத்துக்கு 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் என்பதை எழுதிப்போட்டால் போதாது. ஒருவரைக் குழாயடியில் நிற்கவைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்திலேயே "போதுமா?" என்று கையை எடுப்பார்கள். 20 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அங்கே நின்றால்தான் புரியும்.

40 பேருக்கு ஒரே பொம்மையில் நெஞ்சை அழுத்திக் காட்டிவிட்டுப் போவதும் வீண். ஒவ்வொருவரும் இரண்டு நிமிடமாவது, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும்.

முதலுதவி தனி வகுப்பு, வாழ்க்கைத் திறன் தனி வகுப்பு என்று பிரிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. வாடகை ரூமில் கேஸ் வாசம் வந்தால் ரெகுலேட்டரை மூடு, ஜன்னலைத் திற, ஸ்விட்சைத் தொடாதே, வெளியே வந்து 1906-க்குப் பேசு. இது இரண்டுக்கும் பொதுவான பாடம்தானே? ஓடிபி கேட்டு ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டால் 1930. அட்வான்ஸ் கொடுத்தால் எழுதி வாங்கு.

அப்புறம், சான்றிதழ் கொடுத்து போட்டோ எடுத்ததோடு நிறுத்திவிடுவது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, வெளியேறும் பிள்ளைகளுக்குப் பின்காப்பு உதவி, அதாவது இல்லத்தை விட்ட பிறகான உதவி, உண்டு என்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. கூடவே போய் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள்.

ஒரு மாதம் கழித்து நான் போன் செய்து கேட்கும் முதல் கேள்வி: "உன் ரூம் அட்ரஸ் சொல்லு, பக்கத்துல என்ன கடை இருக்கு?"